ரிமோட் பிள்ளை

அவள் வந்தால் முதலில் தண்ணீர் கேட்க மாட்டாள், மோட்டரைப் பார்க்க மாட்டாள். கராஜ் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ரிமோட் வச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் நிக்கிறீங்களோ?" என்று கேட்பாள். ஒரு ஆள் குறைந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள். "அப்ப அவர் வரட்டும்" என்று சொல்லி மதிலில் சாய்ந்துகொள்வாள். கோபமும் இருக்காது, அவசரமும் இருக்காது. அவசரம் முழுக்க எங்களுக்குத்தான்.

திருகோணமலை உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் வீட்டோடு கராஜ் கட்டி, அதற்கு மேலே சுருளும் ரோலர் கதவு போட்டவர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ரிமோட் பிள்ளை என்றால் போதும். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். ரோலர் கதவு விற்கிற கடையொன்றில் பில் எழுதத்தான் முதலில் சேர்ந்தாளாம். மோட்டர்ப் பெட்டிக்குள் வருகிற ஆங்கிலத் துண்டுப் பிரசுரங்களை அங்கே வேலை செய்த ஆண்கள் ஒருவரும் படிப்பதில்லை; தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைப்பார்கள். அவற்றை எடுத்து அகராதி வைத்துப் படித்தவள் இவள் ஒருத்திதான். இரண்டு வருடத்தில், "அந்தப் பிள்ளைய அனுப்புங்கோ" என்று வீட்டுக்காரர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். கதவுக்கு மேலே சுவரில் ஒரு பெட்டி. பெட்டியில் கடுகளவு பொத்தான் ஒன்று. அதை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிகிற பத்து வினாடிக்குள் புது ரிமோட்டை அழுத்தினால், விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டும். அந்த ரிமோட்டைப் பெட்டி இனி அறியும். பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் விளக்கு அணையும்வரை அழுத்திக்கொண்டிருந்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு ரிமோட் தொலைந்தால், கண்டெடுத்தவன் வந்து வீட்டைத் திறக்காமலிருக்க, எல்லாவற்றையும் அழித்து மிச்சமுள்ள ரிமோட்டுகளைப் பெட்டிக்கு மறுபடி படிப்பிக்க வேண்டும்.

மற்ற ஆட்கள் என்றால் வீட்டில் நிற்கிற யாரிடமாவது ரிமோட்டுகளை வாங்கி, டக் டக்கென்று தாங்களே அழுத்திவிட்டுப் போவார்கள். இவள் விட மாட்டாள். ரிமோட் யாருடையதோ அவர்தான் அழுத்த வேண்டும். மேசைக்கு மேலே கதிரை, கதிரைக்கு மேலே இவள். அங்கிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். விளக்குச் சிமிட்டியதும், "பெட்டிக்கு இப்ப உங்களத் தெரியும்" என்பாள். பகிடிக்குச் சொல்வதாகத் தெரியாது.

முதல் தரம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது நான் மீன் சந்தையில் ரிமோட்டைத் தொலைத்த அன்று. என் கணவரை அலுவலகத்திலிருந்து கூப்பிட வைத்தாள். இவர் வியர்வையோடு வந்து, "என்ன பிள்ளை, கலியாண எழுத்தோ நடக்குது, நான் வந்து கையெழுத்து வைக்க?" என்று கேட்டார்.

"அப்பிடித்தான் வச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. அழிக்கப் போறன். உங்கட ரிமோட்டும் அழியும். நீங்க பாக்காம அழிக்கேலாது."

"நான்தானே பெஞ்சாதியிட்டக் குடுத்திட்டுப் போனனான்."

"குடுத்தது ரிமோட்டத்தானே" என்றாள்.

இவர் வாயை மூடிக்கொண்டார். இருபது வருடக் குடித்தனத்தில் எனக்குக் கிடைக்காத வெற்றி அது. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவளுடைய இந்தக் குணம் எல்லா இடத்திலும் நல்லதாக முடிந்ததென்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவின் கடைசியில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு கராஜ் இருந்தது. ஏதோ மனஸ்தாபத்தில் அண்ணன்காரர் அவளைக் கூப்பிட்டு, தம்பியின் ரிமோட்டை வேலை செய்யாமல் ஆக்கச் சொன்னார். அவள் தம்பிக்குத் தானே தொலைபேசி எடுத்து, "ஐயா, உங்கட ரிமோட்ட அழிக்கச் சொல்லுறார். வந்து நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவர் கிண்ணியாவிலிருந்து பறந்து வந்தார். பிறகு அங்கே நடந்ததைப் பார்க்கத் தெருவே கூடியது. அண்ணன் தம்பியை அடித்தார், தம்பி அண்ணனின் காரின் கண்ணாடியை உடைத்தார், கடைசியில் இரண்டு பேரும் ஒற்றுமையாகச் சேர்ந்து இவளைத் திட்டினார்கள். இவள் கதிரையிலிருந்து இறங்கி, கதிரையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

"உனக்கேன் பிள்ளை இந்த வேலை?" என்று கேட்டேன்.

"சண்டை பிடிச்சாலும் முகத்தப் பாத்துத்தானே டீச்சர் பிடிச்சவை" என்றாள். அந்த வீட்டு வேலை அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கவில்லை.

எங்களோடு இருந்த அப்பாவுக்கும் அவளுக்கும் எப்படிப் பழக்கமானது என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய பெரிய கப்பல்களைத் தும்புக்கயிற்றால் கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். நாங்களும் அவரிடம் அதிகம் பேச மாட்டோம். பயம் என்று சொல்ல முடியாது, பழக்கம். அம்மா இருந்தவரை எங்களுக்கும் அவருக்கும் இடையில் அம்மா தபால்காரி வேலை பார்த்தா. அம்மா போன பிறகு தபால் நின்றுவிட்டது.

ஒரு கிழமை எங்கள் கராஜ் கதவு பட்டப்பகலில் தானாகத் திறக்கத் தொடங்கியது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் உள்ளே மூன்று மான்கள் படுத்திருக்கின்றன. திருகோணமலை மான்களைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவை காட்டு மான்கள்தான், ஆனால் காட்டை மறந்து கனகாலம். கடைத்தெருவில் படுக்கும், குப்பையைக் கிளறும், ஹோர்ன் அடித்தால் எங்களைத்தான் முறைத்துப் பார்க்கும். காருக்கு அடியில் நிழல் கண்டுவிட்டால் எழும்பவே எழும்பாது.

அந்தக் கிழமை துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று வந்திருந்தது. எங்கள் ஊரில் தொலைக்காட்சியில் புள்ளி விழுந்தாலும் கப்பல்தான் காரணம், கோழி முட்டையிடாவிட்டாலும் கப்பல்தான் காரணம். "கப்பல்ட ரேடார் அடிக்குது, அதுதான் கதவு திறக்குது" என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தெருவில் பலபேர் தலையாட்டினார்கள். கப்பல் போகும்வரை மோட்டரை நிறுத்தி வைப்பதென்று முடிவானது. கப்பல் போனது, மோட்டரை மறுபடி போட்டோம். கதவு திறப்பது நிற்கவில்லை.

ரிமோட் பிள்ளை வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். எந்த எந்த நேரத்தில் திறக்கிறது என்று கேட்டாள். பிறகு எங்கள் இருவரையும் கராஜிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் அறைக்குள் போய்க் கதவு சாத்துகிற துணிச்சல் எனக்கே இல்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "ஐயாட்டச் சொல்லிப்போட்டன். இப்ப உங்களுக்குச் சொல்லலாம் எண்டவர்" என்றாள். மத்தியானம் படுக்கும்போது அப்பா ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறார். புரண்டு படுத்தால் பொத்தான் அழுந்துகிறது. அவ்வளவுதான்.

அன்று அவள் புறப்படும்போது அப்பா வாசல்வரை வந்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை" என்றார். அவர் வாயால் ஒருவரை அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதன் பிறகு அவள் எங்கள் பக்கம் வேலைக்கு வந்தால் அப்பாவை எட்டிப் பார்க்காமல் போக மாட்டாள். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டார்கள். ரிமோட்டுக்கு எந்தப் பற்றரி நல்லது, எந்தப் பக்கத்துக் காற்றில் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும், இதுதான் கதை.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத பகுதி.

அப்பாவிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. பின்னேரத்தில் அதை எடுத்துக்கொண்டு உட்துறைமுகக் கரைக்குப் போய், கப்பல் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் அப்படிக் கராஜிலிருந்து பின்னால் எடுக்கும்போது தெருவில் போன சைக்கிளை இடித்துவிட்டார். சைக்கிளில் வந்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை. கடைசி நொடியில் அவள் குதித்துவிட்டாள். முன் சக்கரம் அப்பளமாகப் போனது. அப்பா கார் நின்றதற்குக் காரணம் தெரியாமல் இன்னும் பின்னால் எடுக்கப் பார்த்தார். நான் கத்திக்கொண்டு ஓடினேன்.

கண் டொக்டரிடம் கூட்டிப் போனோம். பக்கப் பார்வை ஏறக்குறைய இல்லை, இனித் திரும்பி வராது, கார் ஓட்டவே கூடாது என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் நான் சொன்னது, "மருந்து விட்டாச் சரியாகும்". சைக்கிளைப் பற்றியும், "அது சும்மா சாத்தி வச்ச சைக்கிள் அப்பா" என்றேன். இரண்டு நாள் பொறுத்து அவர் மறுபடி காரை எடுத்தார். அவர் திரும்பி வரும்வரை நான் கேற்றடியில் நின்றேன். அடுத்த பிள்ளை குதிக்காது என்ற நினைப்பு என்னைத் தின்றது.

காரைக் கிளப்புகிற திறப்பை ஒளித்தோம். அவரிடம் இன்னொரு திறப்பு இருந்தது. அப்போதுதான் இவர் வழி கண்டுபிடித்தார். "அவர்ட ரிமோட்ட அழிப்பம். மோட்டர் பழுது, சாமான் கொழும்பிலயிருந்து வரவேணும் எண்டு சொல்லுவம். நாங்க அவர் படுத்திருக்கிற நேரத்தில திறந்து மூடுவம். ரோலர் கதவக் கையால தூக்க அவரால ஏலாது." எனக்கு அது தெய்வ வாக்காகக் கேட்டது. அப்பா கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை பார்த்து அவளை வரச் சொன்னேன்.

வந்தாள். வாசலில் நின்றாள். "ஐயா எங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள், கண், டொக்டர், பிள்ளை. அவள் முழுவதும் கேட்டாள். "அவர் கார் ஓடக் கூடாதுதான். ஓம். ஐயாட்டச் சொன்னீங்களோ?"

"சொல்லேலாது பிள்ளை. உனக்கு அவரத் தெரியாது."

"அப்ப நானும் அழிக்கேலாது டீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்துக் குரல் தானாக வெளியே வந்துவிட்டது. "இது உன்ர விளையாட்டில்ல. ஒரு பிள்ளை சாகப் பாத்தது. உனக்கென்ன, பொத்தான அமத்திப்போட்டுப் போ. இல்லாட்டி வேற ஆளக் கூப்பிடுவன்."

"கூப்பிடுங்கோ" என்றாள். போகத்தான் திரும்பினாள். பிறகு நின்று, மோட்டார் சைக்கிள் இருக்கையில் கையை வைத்தபடி சொன்னாள்.

"நாங்க சம்பூர் ஆக்கள் டீச்சர். சண்டைக்குள்ள ஊரால எழும்பி கிளிவெட்டி முகாமில இருந்தனாங்க. மாரிக்கு முதல் வீட்ட போயிருவம் எண்டு அம்மா பயத்தங்காய் விதை முடிஞ்சு வச்சவ. அந்தப் பக்கம் இனி விடமாட்டினம் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்ல. தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க ஆரோ ஒரு மனிசி, பேப்பரில கிடந்தது எண்டு சொன்னா. அம்மா அந்த வாளியோட அப்பிடியே நிண்டவ. பிறகு பத்து வருசத்தால வீட்டு வளவு திரும்பக் கிடைச்சிட்டு. இப்ப போய்க் கொத்திறா. ஆனா அந்தக் கதைய எடுத்தா இப்பவும் வளவு போனதச் சொல்ல மாட்டா. ஒரு மனிசனும் எங்கட முகத்தப் பாத்துச் சொல்லேல்லயே எண்டுதான் சொல்லுவா."

ஹெல்மெட் தலையில் இருந்தபடியே இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு ஆளைக் கூப்பிட நான் தொலைபேசியை எடுத்தேன். இலக்கம்கூட அழுத்தினேன். மணி அடிக்க முதல் வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அப்பா கோயிலிலிருந்து வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் எதிரில் போய் நிலத்தில் உட்கார்ந்தேன். வயது நாற்பத்தெட்டு, வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடிதான் அவர் முகத்தைப் பார்த்தேன். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சைக்கிளில் பிள்ளை இருந்ததைச் சொன்னேன். ரிமோட்டை அழிக்கப் பார்த்ததையும் சொன்னேன்.

"பிள்ளைக்கு ஏதும் பட்டுதோ?"

"இல்ல அப்பா. குதிச்சிட்டுது."

அவ்வளவுதான் கேட்டார். இரவு சாப்பிடவில்லை. காலையில், "அந்த ரிமோட் பிள்ளைய வரச்சொல்லு" என்றார்.

அவள் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் கராஜில் நின்றோம். மேசை, மேசைக்கு மேல் கதிரை, எல்லாம் தயார். அவள் ஏறி விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்க்கவில்லை. "ஐயா, அழிக்கட்டோ?" என்றாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார். நாங்கள் ஒளித்து வைத்ததற்கு ஜோடித் திறப்பு. அதை என் கையில் வைத்து என் விரல்களை மடக்கிவிட்டார்.

"கார நான் இனித் தொடமாட்டன். இந்த ரிமோட்ட மட்டும் விடு பிள்ளை."

"அது இனி உங்களுக்கு என்னத்துக்கு அப்பா?" என்று கேட்டது நான்தான்.

"நீ வரேக்க ஆர் திறக்கிறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. நான் பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் தெரு முனையில் திரும்பும்போது கராஜ் கதவு மேலே ஏறிக்கொண்டிருக்கும். வெயிலில் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை. எப்போதிருந்து என்று யோசித்தால் அம்மா செத்த வருடத்திலிருந்து. மத்தியானத்தில் நான் என் ரிமோட்டை அழுத்திய நாள் ஒன்றுகூட இல்லை. கதவு திறந்திருப்பதை நான் ஒரு காரியமாகவே நினைத்ததில்லை. அவர் ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தது என் ஸ்கூட்டிச் சத்தத்துக்காக. நாங்கள் அவரிடமிருந்து களவாக எடுக்கப் பார்த்தது இதைத்தான். காரை, கேட்டிருந்தால் அவர் உடனே தந்திருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். இறங்கி வந்து அப்பாவின் ரிமோட்டைத் திறந்து, புதுப் பற்றரி போட்டு, அவர் கையிலேயே கொடுத்து ஒருதரம் அழுத்தச் சொன்னாள். கதவு இறங்கியது. எங்கள் நான்கு பேரையும் உள்ளே வைத்து மூடிக்கொண்டது. இவர் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் அழுதேன்.

அடுத்த வருடம் அவளுடைய அம்மா விழுந்து இடுப்பு முறிந்து, அவள் சம்பூருக்கே போய்விட்டாள். அப்பா மூன்று வருடம் எனக்குக் கதவு திறந்தார். பிறகு ஒரு காய்ச்சலில், பத்தே நாளில் போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து முதல் நாள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பினேன். தெரு முனையில் திரும்பினேன். கதவு மூடியிருந்தது. ஸ்கூட்டியை அணைக்காமல் அதற்கு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பையைத் துழாவி என் ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். வேலை செய்யவில்லை. உள்ளே பற்றரி ஊறிப் பச்சை பிடித்துக் கிடந்தது.

வீட்டுக்குள் போய் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது. என் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

"டீச்சர்! கனகாலம். ஐயா சுகமோ?"

நான் சொன்னேன். முப்பத்தொன்றும் முடிந்ததென்றும் சொன்னேன். தீன் பாத்திரத்தை அவள் நிலத்தில் வைப்பது கேட்டது.

"ஒரு கோல் எடுத்திருக்கலாமே டீச்சர்" என்றாள். "சம்பூர் என்ன தூரமோ? வந்திருப்பன்தானே. முகத்தப் பாத்திருப்பன்."

செத்தவீட்டு அவதியில் மறந்துபோனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடம் வரவில்லை.

"மறக்கேல்ல பிள்ளை" என்றேன். "சொல்ல வேண்டிய ஆக்கள எழுதேக்க உன்ர நினைப்பு வந்தது. மோட்டர் பாக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு எண்டு நினைச்சு விட்டிட்டன். பிழை என்னிலதான்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நாளைக்கு வாறன் டீச்சர்" என்றாள். "முதல் பஸ்ஸில வாறன்."